ஒற்றனுக்கு எத்தனை பெயர்!

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில், நீடாமங்கலம் வட்டத்தைச் சேர்ந்த வடுவூரை இன்று அறிந்தவர்களில் பெரும்பாலோர், அவ்வூர்க் கோதண்டராமரின் திருமேனி அழகைக் கேள்விப்பட்டோ, அங்குள்ள ஏரிக்குப் பருவந்தோறும் வந்து தங்கிச் செல்லும் பறவைக் கூட்டத்தைக் காண விரும்பியோ அறிந்தவர்களாக இருப்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. கதை படிக்கும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களில் அந்த ஊரின் பெயர் பிரசித்தமாயிருந்தது வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் (1880–1942) நாவல்களால்தான். மேனகா, கும்பகோணம் வக்கீல், மாயா விநோதப் பரதேசி என்று அவர் எழுதிக் குவித்த கதைகளில் உலவிய பாத்திரங்களுள் தலையாயவர் திகம்பர சாமியார். துறவிக் கோலத்தோடு காட்சி தந்தாலும், அவருடைய உண்மையான உத்தியோகம் மோட்ச மார்க்கத்தைக் காட்டுவது அன்று. மர்மங்களைத் துலக்கி, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது. 1950-ஆம் ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தபோது, அந்த வேடத்தை ஏற்ற எம்.என். நம்பியார் பதினொரு தோற்றங்களில் மாறி மாறி வந்து ஜனங்களை வியப்பில் ஆழ்த்தினார்.

சாமியாரைத் துப்பறிபவர் என்று வாசகர்கள் கொண்டாடினார்கள். வேஷம் மாற்றிக்கொள்வது, பிறர் வீட்டினுள் நுழைவது, ஒளிந்திருந்து கேட்பது, கேட்டதை வேண்டியவரிடம் சேர்ப்பது என்னும் அதே காரியங்களை எதிர்த்தரப்பின் பொருட்டு ஒருவன் செய்திருந்தால், அவனை உளவாளி என்று வைதிருப்பார்கள். கூலிக்குச் செய்திருந்தால் கைக்கூலி என்றும், போலீசுக்குச் செய்திருந்தால் ஆள்காட்டி என்றும் சொல்லியிருப்பார்கள். செய்கை ஒன்றே, பெயர்தான் வேறு. இந்தத் தொழிலுக்குத் தமிழில் வழங்கும் பரியாயப் பதங்களை வரிசையாக வைத்து நோக்குமிடத்து, அவை ஒற்றனைப் பற்றித் தெரிவிப்பதைக் காட்டிலும், அவனுக்குப் பெயரிடுகிறவன் எந்தக் கரையில் நிற்கிறான் என்பதையே அதிகமாகத் தெரிவிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கட்சி.

அரசனின் கண்

பழந்தமிழில் இத்தொழிலுக்கு இழிவு கிடையாது. ஆநிரை கவரப் புறப்படும் வெட்சி வீரரின் செயல்களை அடுக்கிச் சொல்லும் தொல்காப்பியம், பசுக்கூட்டம் எங்கே நிற்கிறது, காவல் எவ்வளவு என்று முன்னதாகப் போய் அறிந்துவரும் செயலுக்கு ‘வேய்’ என்று பெயர் தருகிறது. இன்று நம் வாயில் வழங்கும் ‘வேவு’ அந்தப் பழஞ்சொல்லின் வழிவந்ததே. திருவள்ளுவரோ ‘ஒற்றாடல்’ என்று தனி அதிகாரமே வகுத்து, பத்துக் குறட்பாக்களில் ஒரு முழு நிர்வாக சாஸ்திரத்தை அடக்கிவிட்டார். ஒற்றையும் நீதிநூலையும் அரசனுடைய இரு கண்கள் என்று அவர் தொடங்குவதிலிருந்தே அத்தொழிலுக்கு அவர் அளித்த ஸ்தானம் விளங்கும். பகைவரை மட்டுமன்றித் தன் அதிகாரிகளையும் உறவினரையும்கூட அரசன் ஒற்றரைக் கொண்டு ஆராய வேண்டும் என்பதும், சந்தேகத்துக்கு இடந்தராத உருவமும், பிறர் உற்றுப் பார்த்தால் கலங்காத உறுதியும், எந்த நிலையிலும் உள்ளதை வெளியிடாத அடக்கமும் ஒற்றனுக்கு இலட்சணம் என்பதும், துறவிக் கோலம் அவனுக்கு உகந்த வேஷம் என்பதும் அவர் விதித்தவை. திகம்பர சாமியாருக்கு வள்ளுவரே முன்னோடி என்று சொன்னால் தவறில்லை.

வடநாட்டு நூலாகிய கௌடில்யரின் அர்த்த சாஸ்திரமும் மாணாக்கன், இல்லறத்தான், வணிகன், தவசி, பிச்சையெடுக்கும் சந்நியாசினி என்று ஒற்றரை வேஷத்துக்கு ஒரு வகையாகப் பிரித்துப் பேசுகிறது. பல நூற்றாண்டுகளாகப் பேரளவில் மட்டும் தெரிந்திருந்த அந்நூலை மைசூர் கீழ்த்திசை நூலகத்தைச் சேர்ந்த சாம சாஸ்திரி 1909-இல் அச்சிட்டு வெளியிட்டபோது உலக அறிஞர்கள் திகைத்தார்கள். அவருக்கு ஆதாரமாயிருந்த ஓலைச்சுவடியை அந்த நூலகத்திற்குக் கொடுத்தவர் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் என்பது காவிரிக்கரையார் பெருமையோடு நினைத்துக்கொள்ளத் தக்க செய்தி. ஒற்றாடலைப் பற்றிய பாரதத்தின் மிக விரிவான ஏடு, நெல்லுக்கும் சங்கீதத்துக்கும் பேர்போன இந்தச் சீமையின் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் நெடுங்காலம் வாய்மூடிக் கிடந்தது போலும்.

ஒற்றர் இருப்பதை அறிந்தும் அதை அனுகூலமாக்கிக்கொண்ட சாமர்த்தியத்துக்கு ஓர் உதாரணம் சிலப்பதிகாரத்தில் உண்டு. வடதிசைப் படையெடுப்பை வேற்றரசர்களுக்குத் திருமுகம் எழுதி அறிவிக்கலாம் என்று சேரன் செங்குட்டுவன் அவையில் பேச்சு எழுகிறது. அப்போது அழும்பில்வேள் என்னும் அமைச்சன், பகையரசர்களின் ஒற்றர்கள் நம் வஞ்சி நகர வாயிலை விட்டு அகலுவதே இல்லை, ஆகையால் ஊரில் பறையறைந்தால் போதும், செய்தி தானே போய்ச் சேரும் என்று யோசனை கூறுகிறான். எதிரியின் ஒற்றனையே சம்பளமில்லாத தபால்காரனாக்கிய அந்த அமைச்சனை எந்த நாட்டு உளவுத்துறையும் தன் பாடபுத்தகத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றோடு வழங்கிய மற்றொரு சொல் சாரணர். நாடெங்கும் திரிபவர் என்னும் பொருளில் முனிவர்க்கும் ஒற்றர்க்கும் பொதுவாயிருந்த அச்சொல், பேடன் பவல் 1907-இல் தொடங்கிய பையன்கள் இயக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு வந்தபோது அதற்குப் பெயராக அமைந்தது. யுத்தகளத்தில் முன்னே சென்று எதிரியின் நிலையை அறிந்துவருபவனுக்குரிய ஆங்கிலப் பெயரையே அந்த இயக்கம் சூடியிருந்ததால், பொருத்தம் சரியாகவே விழுந்தது. இன்று கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலுக்கு உதவும் சாரணச் சிறுவனைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. தூதர் என்னும் சொல்லும் அவ்வாறே மேனிலை எய்தி, வெளிநாட்டுத் தலைநகரங்களில் கொடி பறக்கும் காரில் செல்கிறது. ஒற்றன் மட்டும் இருட்டிலேயே நின்றுவிட்டான்.

உறையூரில் விழுந்த பழி

ஒற்றன் என்ற பெயரை ஆராயாமல் சூட்டினால் விளையும் விபரீதத்துக்கு, சோழ நாட்டுச் சரித்திரமே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒரே சோழர் குடியில் தோன்றியும் ஒருவரோடொருவர் பகைத்து நின்ற காலத்தில், நலங்கிள்ளியிடம் பரிசில் பெற்ற இளந்தத்தன் என்னும் புலவன், அங்கிருந்து புறப்பட்டு நெடுங்கிள்ளியின் உறையூருக்குள் நுழைந்தான். புலவர்க்குப் பகைநாடு என்பது ஏது? எந்த வாயிலும் அவர்களுக்குத் திறந்திருப்பதே மரபு. ஆயினும் முற்றுகையின் அச்சத்தில் இருந்த நெடுங்கிள்ளி, வந்தவன் ஒற்றனே என்று முடிவு செய்து, அவனைக் கொல்லத் துணிந்தான். அச்சமயத்தில் அங்கிருந்த கோவூர் கிழார், பரிசில் வாழ்க்கையின் இயல்பை எடுத்துரைத்து, பிறர்க்குத் தீங்கு எண்ணாத புலவன் நிலையை மன்னனுக்கு உணர்த்தி, அந்த உயிரைக் காத்தார். அவர் பாடிய செய்யுள் புறநானூற்றில் 47-ஆம் பாட்டாக நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. இளந்தத்தனிடம் ஓலை எதுவும் பிடிபட்டதாகச் செய்தி இல்லை. அவன் யாரையாவது விசாரித்ததாகவும் இல்லை. அவன் வந்த திசை ஒன்றே அவனுக்கு எதிரான சாட்சியமாயிற்று. மெய்யான ஒற்றரிடம்கூட இதைவிடப் பெருந்தன்மை காட்டப்பட்டதைத் தேரழுந்தூர்க் கம்பர் ஒற்றுக் கேள்விப் படலத்தில் பாடியிருக்கிறார். இராவணன் ஏவிய ஒற்றர் குரங்கு வடிவில் வானர சேனையினுள் புகுந்து, வீடணனால் அடையாளம் காட்டப்பட்டபோது, இராமன் அவர்களைக் கொல்லாமல், கண்டதைப் போய்ச் சொல்லும்படி விடுத்தான். காவியத்தில் உண்மையான ஒற்றன் பிழைத்தான். சரித்திரத்தில் ஒற்றனல்லாத புலவன் சாகத் தெரிந்தான்.

சி.ஐ.டி. வந்த காலம்

வெள்ளைக்காரர் ஆட்சியில் ஒற்றனுக்கு மூன்றெழுத்துப் பெயர் வந்தது. 1902-03-ஆம் ஆண்டுகளில் கூடிய போலீஸ் கமிஷனின் யோசனைப்படி மாகாணந்தோறும் குற்றப் புலனாய்வு இலாகா ஏற்பட்டபோது, சென்னை மாகாணத்திலும் 1906-இல் அது தோன்றியது. சுதேசிக் கிளர்ச்சி சூடுபிடித்திருந்த காலமாதலால், திருடரைத் தேடுவதைவிடத் தேசபக்தரைத் தொடர்வதே அதற்குப் பெரிய வேலையாய்ப் போயிற்று. 1908-இல் சுப்பிரமணிய பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்ற பின்னரும், 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அங்கே வந்து சேர்ந்த பின்னரும், அந்த ஊர் வீதிகளில் சென்னைப் போலீஸாரின் கண்காணிப்பு அதிகரித்தது. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு கேட்கவே வேண்டாம்.

அக்காலத்தில் நடந்த ஒரு சூது புதுச்சேரிச் சரித்திரத்தில் பிரசித்தமானது. ராஜத்துரோகமான பிரசுரங்களை ஒரு ஜாடியில் அடைத்து, வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றுக்குள் இரகசியமாகப் போட்டுவிட்டு, அங்கிருந்த தேசபக்தர்கள்மீது பிரெஞ்சுப் போலீஸாரிடம் புகாரும் கொடுக்க ஒற்றர்கள் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் சோதனைக்கு முன்பாகவே கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது ஜாடி வெளிப்பட்டுவிட, அரவிந்தரின் யோசனைப்படி அவர்களே அதைப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். சோதனைக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி அரவிந்தரின் அறையில் கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்டு மரியாதையோடு திரும்பினார். உறையூரில் கோவூர் கிழாரின் பாட்டு செய்த வேலையை, புதுச்சேரியில் ஒரு ஜாடியை முந்திக்கொண்டு ஒப்படைத்த சமயோசிதம் செய்தது.

அந்தத் தலைமுறைக்குச் சி.ஐ.டி. என்றால் வெறுப்பு. அதே தலைமுறை, ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனையும், ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங்கையும் ஆசையோடு படித்தது. பின்னர் 1942-இல், திருவிடைமருதூரில் பிறந்த தேவன் ‘துப்பறியும் சாம்பு’வை ஆனந்த விகடனில் நடமாட விட்டு, அசடும் அதிர்ஷ்டத்தால் துப்பறியலாம் என்று காட்டினார். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தியபடியே மர்மங்களை விடுவித்தார். ‘ரகசிய போலீஸ் 115’ (1968), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) முதலிய படங்களில் எம்.ஜி.ஆரும் ஜெய்சங்கரும் அந்த உத்தியோகத்துக்குக் கதாநாயகத் தகுதியையே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அரசாங்கம் நம்முடையதானவுடன் அதன் இரகசிய போலீஸும் நம்முடையதாகிவிட்டது போலும்.

கடைத்தெரு வழக்கு

நூல் வழக்கு இவ்வாறிருக்க, பேச்சு வழக்கைக் கேட்க நீடாமங்கலம் கடைத்தெருவைவிடத் தக்க இடம் இல்லை. மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் தேவி யமுனாம்பாள் பெயரால் யமுனாம்பாள்புரம் என்று வழங்கிய இவ்வூர், தஞ்சை–திருவாரூர் இருப்புப்பாதையும் மன்னார்குடிக் கிளையும் கூடுகின்ற சந்திப்பு. ரயில்வே கேட் அடைபட்டால் பஸ்ஸும் லாரியும் மாட்டுவண்டியும் தேங்கி நிற்க, ஊர்ச் செய்திகள் டீக்கடைப் பெஞ்சில் வந்து குவியும். அங்கே பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர், நெல் என்ன விலைக்குப் போயிற்று என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரித்தால், “என்ன மாமா, வேவு பாக்க வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டு டீயை ஆற்றுவார்கள். கேட்பவன் இளைஞனாயிருந்தால், “என்னடா தம்பி, சி.ஐ.டி. வேலை பாக்குறியா?” என்று வரும். ஒற்றன், உளவாளி என்னும் சொற்கள் அந்தப் பெஞ்சில் ஏறுவதே இல்லை. அவை பத்திரிகைக்கும் பாடபுத்தகத்துக்கும் உரியவை.

ஒற்று என்னும் வேர்ச்சொல்லை இவ்வூர்க்காரர் கைவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. நிலத்தை ‘ஒத்தி’க்கு விடுகிறார்கள், வீங்கிய காலுக்கு ‘ஒத்தடம்’ கொடுக்கிறார்கள், கோயிலில் தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அணுகித் தொடுதல் என்ற பொருள் இவற்றில் எல்லாம் உயிரோடிருக்க, அணுகி அறிகிறவன் மட்டும் ஏட்டுக்குப் போய்விட்டான். துப்பு என்னும் சொல்லோ இங்கே இரட்டைக் குடித்தனம் நடத்துகிறது. களவுபோன மாட்டைப் பற்றிய தடயமும் துப்புத்தான், “அவனுக்கு ஏது துப்பு?” என்று கேட்கும்போது அதுவே ஆற்றலும் ஆகிறது. ஏஜெண்டு என்றால் இன்ஷூரன்ஸ்காரர், வாக்குச்சாவடியில் கட்சிக்காக உட்காருகிறவர், பழைய மிராசு நாளில் பண்ணையின் காரியஸ்தர் இவர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். ரகசிய ஏஜெண்டு சினிமாக் கொட்டகையோடு நின்றுபோனவர்.

உண்மையில் இந்தச் சீமையில் ஒற்றாடல் மிகுதியும் நடந்தது தண்ணீரின் பொருட்டு. வெண்ணாற்றில் வரும் காவிரி நீர், நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஜூன் 12 என்னும் திறப்பு நாளை உழவர்கள் பண்டிகை நாளைப்போல எண்ணிக்கொண்டிருந்தாலும், நீர் குறைந்து முறை வைத்து விடும்போது எந்த ஆற்றுக்கு எத்தனை கதவு தூக்கப்பட்டது என்பதே கடைமடைக்காரனின் ஜீவாதாரமான கேள்வி. “டேய் தம்பி, சைக்கிள எடுத்துக்கிட்டுத் தலைப்பு வரைக்கும் போயி, பாமணியில எத்தன கதவு தூக்கியிருக்குன்னு பாத்துட்டு வாடா. லஸ்கர் கேட்டா, குளிக்க வந்தேன்னு சொல்லு” என்று பெரியப்பா தோளில் ஒரு துண்டையும் போட்டு அனுப்புவார். சந்தேகந்தராத உருவம், கலங்காத முகம், உள்ளதை வெளிவிடாத வாய் ஆகிய மூன்றும் அந்தப் பையனிடம் வந்துவிடும். ஆனால் இதற்கு ஒற்று என்றோ வேவு என்றோ வீட்டில் பெயரில்லை. ‘பாத்துட்டு வர்றது’, அவ்வளவுதான். சம்பந்தம் பேசுமுன் பெண் வீட்டுத் தெருவில் ஆள் விட்டுக் கேட்பதற்கும் ‘விசாரிக்கிறது’ என்றே பெயர். நம் வீட்டார் செய்தால் விசாரணை. அடுத்த வீட்டார் செய்தால் வேவு.

வசையாக மாறிய பெயர்கள்

தகவல் அதிகாரத்தின் காதுக்குப் போகும்போது பெயர் கசக்கத் தொடங்குகிறது. வத்தி வைத்தான், போட்டுக்கொடுத்தான், கோள் சொன்னான், காட்டிக்கொடுத்தான் என்று வினைச்சொற்கள் வளர்ந்துகொண்டே போகும். வயல்வெளியில் மனிதரைக் கண்டதும் மஞ்சள் கால்களால் ஓடி எழும்பி, சுற்றிச் சுற்றிக் கத்துகின்ற ஆள்காட்டிக் குருவியைத் தஞ்சைக்காரர் எல்லோரும் அறிவர். தரையில் இட்ட முட்டையைக் காப்பதற்கே அது கத்துகிறது. அதே பெயரை மனிதன்மேல் வைத்தால் அது மன்னிக்க முடியாத அபவாதம். 1948-ஆம் ஆண்டையொட்டிய அடக்குமுறைக் காலத்தில், கீழத்தஞ்சையின் விவசாய இயக்கத்தார் தலைமறைவாய்த் திரிந்தபோது, அவர்களுக்குக் குடிசையில் கஞ்சி வார்த்தவர்களும் உண்டு. போலீஸுக்கு இடம் சொன்னவர்களும் உண்டு. ஆள்காட்டி என்ற சொல்லின் முழுக் கசப்பும் அந்தக் கிராமத்தார்க்கே தெரியும்.

வசைப்பெயர் எப்போதும் உரிய இடத்தில்தான் விழும் என்பதும் நிச்சயமில்லை. வீரபாண்டிய கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் அரசு. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். எட்டயபுரத்தார் கம்பெனியின் பக்கம் நின்றது மெய்தான் என்றாலும், காட்டிக்கொடுப்பவன் எவனுக்கும் பொதுப்பெயராய் நிலைத்தது ‘எட்டப்பன்’. ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரில், 1936-இல் மாட்ரிட் நகரை நெருங்கிய நான்கு படைகளோடு நகரினுள்ளே ஐந்தாவது படையொன்று இருப்பதாகக் கிளம்பிய பேச்சு, ‘ஐந்தாம்படை’யாகத் தமிழ் மேடைக்கும் வந்து சேர்ந்து, இன்று கட்சி மாறுகிறவர் எல்லோர் தலையிலும் விழுகிறது. இலங்கையில் யுத்த காலத்தில் முகத்தை மூடி உட்கார வைக்கப்பட்டு, வரிசையில் வருகிறவரைப் பார்த்துத் தலையை அசைத்தவனுக்குத் ‘தலையாட்டி’ என்று பெயர். அந்த ஓர் அசைவில் அழிந்த குடும்பங்கள் உண்டு. அதற்கு மறுபுறத்தில், துரோகி என்ற ஒரு சொல் விழுந்ததனாலேயே வீதியில் விழுந்த உயிர்களும் உண்டு.

இனி, ஒரே மனிதன் இரண்டு பெயர் பெற்ற கதை. திருவிதாங்கூரின் வக்கம் என்னும் ஊரைச் சேர்ந்த அப்துல் காதர், மலேயாவில் சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்து, பினாங்கில் பயிற்சி பெற்று, 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் மலையாளக் கரையில் வந்து இறங்கினார். பிரிட்டிஷ் சர்க்கார் அவரை எதிரியின் ஏஜெண்டு என்று விசாரித்து, 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டது. வழக்கின் ஏட்டில் அவர் ஏஜெண்டு, நமக்கோ தியாகி. நான்கு ஆண்டுகளில் கொடி மாறியது. அவர் செய்த செயலில் ஓர் அணுவும் மாறவில்லை.

மூவர் சாட்சி

தற்கால அரசாங்கம் இந்தத் தொழிலுக்கு நிறமற்ற பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. நுண்ணறிவுப் பிரிவு, கியூ பிரிவு, புலனாய்வு முகமை என்னும் பெயர்களில் வசையும் இல்லை, வாழ்த்தும் இல்லை. ஒரு தேசத்துக்கு ஒற்று வேண்டும் என்பதில் வள்ளுவருக்குச் சந்தேகமில்லை. நமக்கும் இருக்க வேண்டுவதில்லை. ஆனால் அதே வள்ளுவர், ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால்தான் அதை நம்பலாம் என்றும் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார். அத்தொழிலையே கண் என்று போற்றியவர், அந்தக் கண்ணும் பிழைபடக் காணும் என்பதை அறிந்தே இருந்தார்.

இந்த விதியை அரசர்க்கும் அதிகாரிகளுக்கும் மட்டும் உரியதாக விட்டுவிடலாகாது. கிராமத்துக்குப் புதிதாய் வந்தவனை உளவாளி என்பதும், மாற்றுக் கருத்துச் சொன்னவனைக் கைக்கூலி என்பதும், தேர்தலில் வேறு பக்கம் போனவனை எட்டப்பன் என்பதும் இன்று கைத்தொலைபேசியில் ஒரு விரலால் செய்துவிடக்கூடிய காரியமாகிவிட்டன. சொல்கிறவருக்கு அது பொழுதுபோக்கு. சொல்லப்பட்டவருக்கு ஆயுள் முழுதும் அழியாத பழி. உறையூரில் இளந்தத்தனுக்காகப் பேசக் கோவூர் கிழார் இருந்தார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. ஆகையால், ஒருவர்மீது இந்தப் பெயர்களில் எதையேனும் சூட்ட நாக்கு எழும்போது, ஒற்றனின் சொல்லையே நம்ப வள்ளுவர் கேட்ட மூன்று சாட்சிகள் நம்மிடம் இருக்கின்றனவா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. இல்லையென்றால், அந்தப் பெயரைச் சொல்லாமல் விடுவதே தர்மம்.